மென்பொருட் பொதியும் அதனைச் சுமப்போரும்

கணிப்பொறியியல் பயிலும் நம் மாணவர் இறுதியாண்டில் இயற்றும் மென்பொருள்கள் இப்பொழுது ஊர்க்காரியங்களை நாடிச் செல்வது மகிழ்ச்சிக்குரியதாகும். ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் வரும் மாணவர் கரும்பு வெட்டுக்கூலிக் கணக்கு, பால் சங்கத்தின் நாள்வரவு, மகளிர் குழுவின் கடன் ஏடு ஆகியவற்றிற்குச் செயலிகள் அமைக்க விரும்புகின்றனர். ஆயின், இயற்றிய பொருளை எவ்வாறு பொதிந்து பிறர் கையிற் சேர்ப்பது என்ற வினா எழுந்தவுடனே அவர்தம் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. யாவரும் ஒரு வாய்ப்பட 'எலக்ட்ரான்' என்கின்றனர். இவ்விடையை யாம் மறுக்கத் துணிகின்றோம். முற்றிலும் அன்று, பெரும்பாலும்.

எலக்ட்ரான் என்பது, கிட்ஹப் நிறுவனத்தார் தம் 'ஆட்டம்' என்னும் பதிப்பிக்காக 2013-ஆம் ஆண்டிற் செய்வித்த கருவி. 2015-இல் இன்றைய பெயர் பெற்றது. இணையப்பக்கம் எழுதக் கற்றவன் அதே எழுத்தைக் கொண்டு விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிற்கும் மேசைச் செயலி செய்துவிடலாம். இது சிறிய நன்மையன்று. பெங்களூரிற் பிறந்த 'போஸ்ட்மேன்' என்னும் செயலி முதலில் குரோம் உலாவியைச் சார்ந்து வாழ்ந்தது. அம்மூன்று தளங்களிலும் குரோம் செயலிகளைக் கைவிடப் போவதாகக் கூகுள் 2016-இல் அறிவித்தபின், அது எலக்ட்ரானைப் புகலிடமாகக் கொண்டு தனிச்செயலியாக வளர்ந்தது. அவர்கட்கு அது தக்க வழியே. அதனைப் பயன்படுத்துவோர் நிரல் எழுதுவோர், வலிய கணிப்பொறி உடையோர்.

நம் பால் சங்கத்து எழுத்தர் நிலை வேறு. எலக்ட்ரான் பொதி ஒவ்வொன்றினுள்ளும் குரோமியம் உலாவி முழுமையும் நோட் ஜே.எஸ். என்னும் இயக்கியும் அடங்கியுள்ளன. விருந்துக்கு வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் அடுப்பையும் விறகையும் சுமந்து வருதலை இஃது ஒக்கும். பத்து வரி நிரலேயாயினும், சுருக்கிய பொதி 100 மெகாபைட் அளவை நெருங்கும். நிறுவியபின் 200-ஐயும் கடக்கும். இனி, 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளை நினைமின். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றுட் பல 2 ஜிகாபைட் நினைவகமே உடையன. விண்டோஸ் 7 ஏற்றப் பெற்றவை. எலக்ட்ரானோ 2023-இல் வந்த 23-ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றைக் கைவிட்டது. ஆகவே இன்று பொதிந்த செயலி அங்கே மெல்ல ஓடுவதன்று, திறப்பதேயில்லை. தன் புதிய கணிப்பொறியில் மட்டும் ஓட்டிப் பார்த்த மாணவன் இதனை அறிய வழியில்லை.

திறந்துவிட்டாலும் தொல்லை தீர்ந்ததன்று. எலக்ட்ரான் எட்டு வாரத்திற்கு ஒரு பெரும் பதிப்பாக வெளிவருவது. அண்மைய மூன்று பதிப்புகளுக்கே பழுது பார்க்கப்படும். எனவே ஏப்ரலிற் பொதிந்தது அவ்வாண்டு முடியுமுன்னரே காப்பற்றதாகிவிடுகின்றது. அதற்குள் மாணவன் பட்டம் பெற்றுச் சென்னைக்கோ ஓசூருக்கோ சென்றிருப்பான். வெளிப்பக்கம் எதனையும் திறவாத செயலிக்கு இவ்விடர் குறைவே என்பதை ஒப்புகின்றோம்.

யாம் மிகவும் வருந்துவது முத்திரையைப் பற்றியே. கையொப்பம் இடப்பெறாத பொதியை விண்டோஸ் ஐயுற்று எச்சரிக்கை காட்டும். ஆப்பிள் நிறுவனத்தாரிடம் பதிவு பெறவோ ஆண்டொன்றுக்கு 99 டாலர் வேண்டும். விண்டோஸுக்குரிய சான்றிதழும் விலைக்கே கிடைப்பது. 2023 ஜூன் முதல் அதன் திறவுகோலைத் தனி வன்பொருளிற் காத்தல் வேண்டுமென்ற விதியும் சேர்ந்துள்ளது. ஏழை மாணவன் யாது செய்வான்? "எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்தாமல் மேலே அழுத்துங்கள், ஐயா" என்று எழுத்தருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகின்றான். இணையத்தில் வஞ்சகர் மலிந்த இந்நாளில், எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் பழக்கத்தைக் கற்றோரே ஊராருக்குப் பயிற்றுவது தகுமா? கல்லூரி தன் பெயரால் ஒரு சான்றிதழ் பெற்று, ஆசிரியர் ஆராய்ந்து ஏற்ற பொதிகளுக்கு மட்டும் முத்திரையிடலாம். நம் பழைய மாணவர் சங்கத்தார் பரிசுக் கோப்பைகளின் எண்ணிக்கையிற் சில குறைப்பின் இதற்குரிய பொருள் சேர்ந்துவிடும்.

வேறு பொதிமுறைகளும் உள. 2022-இல் முதற்பதிப்புக் கண்ட 'டௌரி' தனக்கென உலாவியைச் சுமவாது, கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள காட்சிக்கருவியையே பயன்கொள்ளும்; பொதி சில மெகாபைட்டில் அடங்கும். 'ரஸ்ட்' மொழி சிறிதேனும் பயிலல் வேண்டும். தளத்துக்குத் தளம் காட்சிக்கருவி மாறுதலின் தமிழ் எழுத்துக்களை ஒவ்வொன்றிலும் பார்த்தல் வேண்டும். எழுத்துருவையும் உடன் வைத்தல் நன்று. இவ்வுழைப்பு மாணவனுக்கு உரியதே. விண்டோஸ் 7-க்கு இதுவும் மருந்தன்று. அவர்கள் கருவியும் அதற்கு 2023-இலேயே புதுப்பித்தல் நின்றது. அப்பொறிகளில் இலகுவான புதிய லினக்ஸ் ஒன்றை ஏற்றி, 'டெப்' பொதியாக அளித்தலே மேல். அதற்கு முத்திரைக் கட்டணமும் இல்லை.

அன்றியும், பொதிதல் வேண்டுமா என்பதையே முதற்கண் வினவலாம். உலாவியினின்றே நிறுவத்தக்க செயலியாக அமைப்பின், கல்வராயன் மலையூர்க்காரர் சமநிலத்திற்கு இறங்கும் நாளில் ஒருமுறை ஏற்றிக்கொண்டு, அலைவரிசை எட்டாத இடத்திலும் கணக்கெழுதலாம்.

துறையினரிடம் யாம் வேண்டுவது ஒன்று. 2 ஜிகாபைட் நினைவகமுடைய பழைய மடிக்கணினி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து, வருமாண்டு முதல் மாணவர் தம் பொதியை அதில் நிறுவித் திறந்து காட்டிய பின்னரே மதிப்பெண் வழங்குக.