நுனி பிளந்த முடிக்கு மருந்து இல்ல, கத்தரிக்கோல்தான்

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். முடி நுனி பிளக்குதுன்னு காசு செலவு பண்றவங்க, பண்ணப் போறவங்க, அவங்க அம்மாக்கள் எல்லாரும் கடைசி வரைக்கும் படிங்க. நேரம் இல்லாதவங்களுக்கு ஒரே வரி: பிளந்த நுனியைத் திரும்ப ஒண்ணாக்குற மருந்து உலகத்துல எங்கயும் கிடையாது. வெட்டணும்.

2/ தேவாரத்துல பார்த்த ஒரு அம்மா, பொண்ணு. (அனுமதி வாங்கி, அடையாளம் மாத்திதான் எழுதறேன்.) அம்மா விடியுறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க. ஹீமோகுளோபின் 7.2. கூட வந்த பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் அழகான சுருட்டை முடி.

3/ "ரத்தம் ஏன் இவ்வளவு கம்மின்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு நாள் லீவு போட்டுட்டு டெஸ்டுக்கு வாங்க"ன்னேன். "இந்த மாசம் முடியாது டாக்டரம்மா. பிள்ளைக்கு நிச்சயம் வருது. நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, பார்லர்ல கெரட்டின் பண்ண ஆறாயிரம் சொல்லிருக்காக. கூலியை விட முடியாது." இந்த த்ரெட் எழுத வச்சது இந்த ஒரு பதில்தான்.

4/ முதல்ல அடிப்படை. தோலுக்கு வெளியில இருக்கிற முடிக்கு உயிர் இல்ல. ரத்த ஓட்டம் இல்ல, நரம்பு இல்ல. அதனாலதான் வெட்டினா வலிக்கல. விரல்ல காயம்பட்டா ஆறும், ஏன்னா அங்க உயிரணு இருக்கு. முடி நுனியில ஆறுறதுக்கு யாருமே இல்ல. கிழிஞ்ச சேலை தானா தைச்சுக்குமா? அதே கதைதான்.

5/ முடி மாசம் சுமாரா 1 செ.மீ. வளருது. 72 செ.மீ. நீளக் கூந்தல்னா நுனிக்கு வயசு 6 வருஷம். பிளஸ் டூ படிக்கிற பொண்ணோட முடி நுனி, அவ ஆறாம் வகுப்புல இருந்தப்போ முளைச்சது. ஆறு வருஷ வெயில், ஆடிக் காத்து, சீப்பு, ரப்பர் பேண்ட், துண்டுல அடிச்சுத் துவட்டினது எல்லாம் அது வாங்கியிருக்கு. பிளக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.

6/ முடிக்கு மேல ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கடுக்கா ஒரு செதில் உறை இருக்கு. அது தேய்ஞ்சு போனா உள்ள இருக்கிற நார் வெளிய வந்து பிரியும். இதுதான் நுனி பிளவு. இது நோய் இல்ல, தேய்மானம். சுருட்டை முடியில ஒவ்வொரு வளைவும் பலவீனமான இடம். தலையில சுரக்கிற எண்ணெய் வளைஞ்சு வளைஞ்சு நுனி வரைக்கும் இறங்காது. அதான் அவங்களுக்கு சீக்கிரம் பிளக்குது.

7/ அப்போ "ரிப்பேர்" சீரம்? பெரும்பாலும் சிலிக்கோன். பிளவை மேலால ஒட்டி மினுக்கும், சில தடவை குளிச்சா போயிடும். மேக்கப்புனு சொல்லி வித்தா எனக்குச் சண்டையே இல்ல. "சேதத்தைச் சரி பண்ணும்"னு வித்தா அது பொய்.

8/ பயோட்டின் மாத்திரை? பயோட்டின் குறைபாடு இல்லாதவங்களுக்கு அதனால நுனி ஒட்டாது. அது பாதகம் இல்லாததும் இல்ல. அதிக அளவு பயோட்டின் தைராய்டு டெஸ்டையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்டையும் தப்பாக் காட்ட வைக்கலாம்னு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017லயே எச்சரிச்சிருக்கு. சாப்பிடறீங்கன்னா ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

9/ இப்போ அந்த ஆறாயிரம் ரூபா கெரட்டின். பேருதான் கெரட்டின். முடியை நேராக்குற வேலையை பல கிரீம்கள்ல செய்யறது ஃபார்மால்டிஹைடு, இல்லன்னா கிளையாக்ஸிலிக் அமிலம். முதலாவது புற்றுநோய் உண்டாக்கும்னு வகைப்படுத்தப்பட்ட வேதிப்பொருள். "ஃபார்மலின் ஃப்ரீ"ன்னு சொல்லி ரெண்டாவதைக் கொண்டு வந்தாங்க.

10/ 2024 மார்ச்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு கேஸ் வந்தது. 26 வயசுப் பொண்ணு. 2020, 2021, 2022னு மூணு தடவை முடி நேராக்கினாங்க. மூணு தடவையும் வாந்தி, முதுகு வலி, கிட்னி பாதிப்பு. கிரீம்ல 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம். அதையே எலித் தோல்ல தடவிப் பார்த்தா, எலி கிட்னியில ஆக்சலேட் படிகம். இஸ்ரேல்ல இதே மாதிரி 26 பேரைத் தொகுத்து 2023ல எழுதினாங்க. அதுல 3 பேருக்கு தற்காலிகமா டயாலிசிஸ்.

11/ பண்ற எல்லாருக்கும் கிட்னி போகும்னு நான் சொல்லல. தேய்மானத்துக்காக இவ்வளவு தூரம் போகணுமான்னுதான் கேக்கறேன். அதுவும் அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடு வச்சு இழுக்கிற வேலை. நேராக்கின முடி மறுபடி பிளக்கும், முன்னைவிட அதிகமா.

12/ "எங்க பாட்டி எண்ணெய் மட்டும்தானே வச்சாங்க?" ஆமா, அதுல விஷயம் இருக்கு. தேங்காயெண்ணெய் முடிக்கு உள்ள இறங்கி புரதம் கரையறதைக் குறைக்குது. மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யலன்னு 2003ல ஒரு ஆய்வு வந்தது. பண்ணினது தேங்காயெண்ணெய் விக்கிற கம்பெனியோட ஆட்கள், அதையும் மனசுல வச்சுக்கங்க. ஆனா அது புதுப் பிளவைத் தள்ளிப் போடும், பழசை ஒட்டாது. 108 மூலிகை போட்டாலும் ஒட்டாது.

13/ அடுத்த எதிரி வீட்டுக்குள்ளயே இருக்கு. "பொம்பளப் பிள்ள முடியில கத்தரி வைக்காத." அம்மாக்களே, கணக்குப் போடுங்க. மூணு மாசத்துல 3 செ.மீ. வளரும். 1 செ.மீ. வெட்டினாலும் 2 மிச்சம். வருஷத்துக்கு 8 செ.மீ. வெட்டாம விட்டா பிளவு மேல ஏறி முடி பாதியில ஒடியும். நீளத்தைக் காப்பாத்தறதே கத்தரிதான். (வெட்டினா வேகமா வளரும்கிறதும் பொய். வேருக்கு நுனியில நடக்கிறது தெரியாது.)

14/ செய்ய வேண்டியது:
• பிளவுக்கு 1 செ.மீ. மேல, கூரான கத்தரியால வெட்டுங்க. மொக்கைக் கத்தரி புதுசா நார் பிரிக்கும்.
• குளிக்கிறதுக்கு முன்னாடி நுனிக்குத் தேங்காயெண்ணெய்.
• ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு.
• அகலப்பல் சீப்பு. சிக்கை நுனியிலிருந்து மேல எடுங்க. சுருட்டை முடியைக் காய்ஞ்சப்புறம் சீவாதீங்க. கண்டிஷனர் இருக்கும்போதே எடுங்க.
• துண்டால அடிக்காதீங்க, ஒத்தி எடுங்க.
• தோட்டத்துக்குப் போறவங்க பின்னிக் கட்டி, துணி சுத்திக்கங்க. நீங்க ஏற்கெனவே பண்றதுதான், அதுதான் சரி.

15/ டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போ? முடி கொத்தாக் கொட்டினா, வட்டமா சொட்டை விழுந்தா, வேர்ப்பக்கமே ஒடிஞ்சா, கூடவே சோர்வு, மூச்சு வாங்கல், அதிக மாதவிடாய் இருந்தா. தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. பாதிக்கு மேல. இதுக்கு ரீல்ஸ் யாரும் போடறதில்ல, ஏன்னா இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். இலவசமாக் கிடைக்கிறதுக்கு யார் விளம்பரம் பண்ணுவாங்க?

16/ அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்: "உன் முடியில கோளாறு எதுவும் இல்லம்மா. ரெண்டு இஞ்ச் வெட்டு. நிச்சயத்துக்கு மல்லிப்பூ வை, போதும்." வெட்டினாளான்னு தெரியாது. அம்மா மட்டும் அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுட்டு டெஸ்டுக்கு வந்தாங்க. எனக்கு அது போதும்.

17/ உங்க வீட்லயும் ஒருத்தர் மூச்சு வாங்கிட்டே கூலிக்குப் போயிட்டு இருக்கலாம். முடி நுனியைப் பார்க்கிற நேரத்துல ஒரு தடவை அவங்க கண் இமையைக் கீழ இழுத்துப் பாருங்க. உள்ள வெளிறியிருந்தா கூட்டிட்டு வாங்க.