கண்ணாடி மாளிகையும் கைத்தறிக் குடிலும்

சித்திரைப் பிற்பகல். வெண்ணந்தூர்த் தெருவிலே தறியின் ஓசை கேட்கிறது. மேற்குச் சாளரமோ அடைத்துக் கிடக்கிறது. ஏன் என்று நெசவாளத் தோழரைக் கேளுங்கள். வெயிலோடு வறண்ட காற்றும் புகுந்தால் பாவு நூல் அறும் என்பார். ஏடு தந்த விடையன்று. உழைப்பு தந்த விடை!

அந்த அறிவு நகரத்துக் கண்ணாடி மாளிகைகளுக்கு எட்டவில்லையே, ஏன்?

கதிரவன் ஒளி கண்ணாடியை எளிதிற் கடக்கிறது. அதை வாங்கிச் சூடேறிய தரையும் சுவரும் வெப்பக் கதிரை உமிழ்கின்றன. அந்தக் கதிரையோ கண்ணாடி நேரே வெளியே விடாது. வரும்போது வழிவிட்டு, போகும்போது தாழிடும் வஞ்சகம்! கோடைப் பிற்பகலில் நிழலற்ற மேற்குக் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் வழியே ஏறத்தாழ 500 வாட் வெப்பம் நுழையும். ஏழு சதுர மீட்டருக்கு 3,500 வாட். ஒரு டன் குளிர்சாதனப் பொறியின் ஆற்றல் முழுவதும் அதற்கே சரி! திரைச்சீலை தொங்கவிட்டோமே என்பர். வெள்ளம் வந்தபின் அணை கோலும் வேலை அது. மறைப்பு வெளியே வேண்டும்.

மேலைநாட்டைக் காட்டி வாதிடுவோர் பாரிசைப் பார்க்கட்டும். 1933இல் அங்கே வீடற்ற ஏழையர்க்கென எழுந்த விடுதிக்கு, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே திறக்கவியலாத கண்ணாடிச் சுவர் வைத்தார். குளிரூட்டும் ஏற்பாடோ நிறைவேறவில்லை. கோடையில் வெந்தவர் ஏழையர்! பின்னாளில் வெளிப்புற வெயில் மறைப்புகள் வந்தன. அவரே 1950களில் சண்டிகர் உயர்நீதிமன்ற முகப்பிலே வெயில் மறைப்பை வடித்தார். அவர் கைவிட்ட தவற்றை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

விதி இல்லையா? 2007இல் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு வந்தது. 2018இல் குடியிருப்புகளுக்கென 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது. நம் கொத்தனார் வாயில் நுழையும் பெயரா இது! சுவர், சாளரம் வழியே புகும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மிகலாகாது என்கிறது அது.

இரு மாதங்களுக்கு விசைத்தறிக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவசம் என்று 2023இல் தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்டபோது பொருமியோர், கண்ணாடி மாளிகை உறிஞ்சும் மின்சாரம் பற்றி வாய் திறப்பதில்லை. கட்டணம் செலுத்துகிறார்களே என்பர். உண்மைதான். ஆயின் உச்சநேரத் தேவைக்கென எழுப்பும் மின்நிலையத்தின் சுமை ஊர் முழுவதன் தலையிலன்றோ விழுகிறது?

பொதுப்பணத்தில் எழும் கட்டடத்தில் நிழலற்ற மேற்குக் கண்ணாடி கூடவே கூடாது. அடுத்து ஒரு பள்ளியோ மருத்துவமனையோ எழும்போது, வெண்ணந்தூர்த் தோழர்கள் பேரூராட்சியில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். சாளரத்தின் மேலே ஒரு முழக் கான்கிரீட் மட்டும் இருந்தால் ஒப்ப வேண்டா. மாலை வெயில் சாய்ந்து வரும். அதற்குப் பக்கவாட்டு மறைப்போ, மரச்சட்டக் கதவோ, தாழ்வாரமோ வரைந்திருக்க வேண்டும்.