காரைப் பறித்தால் 30 ஆண்டு சிறை!

கார் திருட்டு வேறு. கார் பறிப்பு வேறு.

வீட்டு வாசலில் நிற்கும் காரை நள்ளிரவில் ஒருவன் ஓட்டிக்கொண்டு போனால், அது திருட்டு. விடிந்து பார்த்தால் கார் இருக்காது. ஆனால் கார்க்காரர் உயிரோடு இருப்பார். காரில் இருப்பவரையே வழிமறித்து, துப்பாக்கியை நீட்டி, "இறங்கு கீழே!" என்று மிரட்டிக் காரைக் கொண்டுபோவதுதான் பறிப்பு. இதில் காரோடு உயிரும் போகலாம்.

அமெரிக்காவில் இதற்கு "கார்ஜாக்கிங்" என்று பெயர். கார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்று 1991-ல் வைத்த பெயர் இது. பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு குற்றம் இல்லை!

தாயும் குழந்தையும்

1992 செப்டம்பர் 8. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தாய், 2 வயதுகூட நிறையாத தன் பெண் குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். குழந்தைக்கு அன்றுதான் பள்ளியில் முதல் நாள். வழியில் கார் நின்றபோது இரண்டு பேர் பாய்ந்து அவரை வெளியே தள்ளினார்கள். இருக்கை வாரில் அவருடைய கை சிக்கிக்கொண்டது. கார் நிற்கவில்லை. ஒரு மைலுக்கு மேல் இழுத்துச் செல்லப்பட்டு அந்தத் தாய் இறந்தார். குழந்தையை இருக்கையோடு ரோட்டில் வீசிவிட்டுப் போனார்கள். தெய்வாதீனமாகக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

குற்றவாளிகள் இருவரும் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றார்கள். அவர்களில் ஒருவன் 20 வயதுகூட ஆகாத பையன்.

நாடே கொதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (பெரியவர்) கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்பாக்கியோடு காரைப் பறித்தால் 15 ஆண்டு வரை சிறை. உயிர் போனால் ஆயுள் தண்டனை. 1994-ல் சட்டத்தைத் திருத்தி, உயிர் போனால் மரண தண்டனையும் விதிக்கலாம் என்றார்கள்.

1993-லேயே மேரிலாந்து, கலிபோர்னியா, வர்ஜீனியா, புளோரிடா என்று பல மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் செய்தன.

"சும்மா ஓட்டிப் பார்த்தேன்"

வழிப்பறிக்கு ஏற்கனவே சட்டம் இருக்கிறதே, தனிச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விஷயம் இதுதான்:

அமெரிக்கப் பழைய சட்டத்தில், பொருளைத் திரும்பக் கொடுக்காமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால்தான் திருட்டு. பலாத்காரத்தோடு திருடினால்தான் வழிப்பறி. காரைப் பறித்தவன் கோர்ட்டில் என்ன சொல்லுவான்? "கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு விட்டுவிடத்தான் நினைத்தேன்" என்பான். துப்பாக்கியைக் காட்டியவனுக்கு இப்படி ஒரு சந்து!

அந்தச் சந்தை அடைத்ததுதான் புதிய சட்டங்களின் உண்மையான பலன். கலிபோர்னியா சட்டம், "நிரந்தரமாகவோ, தற்காலிகமாகவோ" பறித்தாலும் குற்றம் என்கிறது. ஆயுதம் வேண்டியதில்லை, பயமுறுத்தினாலே போதும். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்ற வாதம் செல்லாது என்று மேரிலாந்து சட்டமும் எழுதிவிட்டது.

நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, சிறிது நேரத்துக்கு எடுத்துப் போனாலும் திருட்டுதான். 1952-ல் ஜோத்பூரில் விமானப் பயிற்சி பெற்ற ஒருவர், அனுமதி இல்லாமல் விமானத்தை எடுத்துப் போய்ப் பாகிஸ்தானில் இறக்கிவிட்டார். அது திருட்டே என்று சுப்ரீம் கோர்ட்டு 1957-ல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இதே விளக்கம் இருக்கிறது.

கைக்குழந்தைக்கும் நீதி

காரில் கைக்குழந்தை இருந்தால்? குழந்தைக்கு நடப்பது என்னவென்றே தெரியாது, பயமும் இராது. பயமுறுத்தியது எப்படிக் குற்றமாகும்? கலிபோர்னியாவில் இப்படியும் வாதாடினார்கள்! தாயோடு காரில் இருந்த சில மாதக் குழந்தையும் பறிப்புக்கு ஆளானதுதான் என்று அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு 2000-ல் சொல்லிவிட்டது.

இன்னொரு வாதம் இதைவிட விசித்திரம். கொல்லவோ, பலத்த காயப்படுத்தவோ எண்ணம் இருக்கவேண்டும் என்று 1994 திருத்தம் மத்திய சட்டத்தில் சேர்த்தது. "எதிர்த்திருந்தால் மட்டுமே சுட்டிருப்போம். அவர்கள்தான் சாவியைக் கொடுத்துவிட்டார்களே" என்றார்கள் பிடிபட்டவர்கள். 1999-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இதை ஏற்கவில்லை. கொடுக்காவிட்டால் கொல்லுவேன் என்பதும் கொலை எண்ணம்தான் என்று கூறிவிட்டது.

கணக்கில்லாத தண்டனை

இவ்வளவும் சரி. ஆனால் தண்டனையில் மாநிலங்கள் போட்டி போடுவதை மெச்ச முடியவில்லை. கலிபோர்னியாவில் 3, 5 அல்லது 9 ஆண்டு. மேரிலாந்தில் 30 ஆண்டு வரை. வர்ஜீனியாவில் 15 ஆண்டுக்குக் குறையக்கூடாது. ஆயுள் முழுவதும்கூட இருக்கலாம். மேரிலாந்தும் வர்ஜீனியாவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பறித்தால் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் பறித்தால் ஒரு கணக்கு! ஆண்டுகளைக் கூட்டுவது சட்டசபைக்குச் சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஓட்டை இல்லாமல் குற்றத்தை எழுதுவதற்குத்தான் மூளை வேண்டும். 16 வயதுப் பையன், எத்தனை ஆண்டு சிறை என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா காரை மறிக்கிறான்?

மின்னசோட்டா மாநிலம் நெடுங்காலம் தனிச் சட்டம் செய்யாமலே இருந்தது. அங்கே மினியாபொலிஸ் நகரப் போலீசார் 2020-ல்தான் கார் பறிப்புக்குத் தனிக் கணக்கு வைக்கத் தொடங்கினார்கள். சட்டம் வந்தது 2023-ல். அதற்கு முன் அந்த மாநிலக் கோர்ட்டுகளுக்கு வந்த கார் பறிப்புகள் எல்லாம், மணிபர்சைப் பறித்த வழக்குகளோடு சேர்ந்து வழிப்பறி என்ற பெயரில்தான் கிடக்கின்றன.