தேடலில் வராத பிள்ளை



கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போது பல பாடசாலைகள், குர்ஆன் மத்ரஸாக்களில் பிள்ளைகளின் விபரம் போனிலேயே இருக்கிறது. விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியரோ பழைய மாணவரோ சின்ன ஆப் ஒன்று செய்து தருகிறார். தகவலெல்லாம் கூகுளின் ஃபயர்ஸ்டோர் மாதிரி ஒரு கிளவுட் தரவுத்தளத்தில் கிடக்கும். நல்ல முயற்சி. ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்று தெரியாமல் பாவித்தால் நட்டப்படுவது பிள்ளைதான்.

ஃபயர்ஸ்டோரின் சாதாரண பதிப்பில் பெயரின் நடுவிலுள்ள சொல்லைத் தேட முடியாது. முதல் எழுத்துகளிலிருந்துதான் தேடலாம். எங்கள் பெயர்களுக்கு இது சரிவராது. "பாத்திமா" என்று அடித்தால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதோடு ஒரு பதிவில் முஹம்மத், இன்னொன்றில் முகம்மது, அடுத்ததில் மொஹமட். எங்களுக்கு ஒரே பெயர், தரவுத்தளத்துக்கு மூன்று. "மொ"வின் கொம்பையும் காலையும் யுனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் பொருந்தாது.

இதற்குப் பலரும் செய்யும் குறுக்கு வழி, முழுப் பட்டியலையும் போனுக்கு இறக்கி அங்கே தேடுவது. கணக்குப் பார்ப்போம். இலவசமாக ஒரு நாளைக்கு 50,000 பதிவுகள் வாசிக்கலாம். 800 பிள்ளைகள் உள்ள பாடசாலையில் பட்டியலை ஒரு தடவை இறக்கினால் 800 போய்விடும். 63ஆவது தடவை பட்டியல் முழுதாக வராது. அந்தக் கணக்கு புதுப்பிக்கப்படுவது அமெரிக்காவின் பசிபிக் கரையோர நள்ளிரவில். எங்களுக்கு அது பகல் 12.30 அல்லது 1.30, பாடசாலை விடுகிற நேரம். அதுவரை பிழையைச் சொல்லத் தெரியாத ஆப் வெறும் திரையைக் காட்டும். பார்ப்பவர் "இந்தப் பிள்ளை பதிவில் இல்லை" என்று நினைத்துவிடுவார்.

அதைவிடப் பெரிய விஷயம், 800 வீடுகளின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் எல்லோருடைய போனிலும் போய் உட்காருவது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெற்றோர் எங்களிடம் தந்தது அமானிதம்.

காசு கட்டிப் பெரிய திட்டத்துக்குப் போனாலும் எழுத்து வித்தியாசம் அப்படியே இருக்கும். எங்கள் கருத்து, கேள்வியை முதலில் எழுதிவிட்டுப் பதிவை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரைத் தொடவே கூடாது. பக்கத்தில் தேடுவதற்கென்றே தனிப் பட்டியல் ஒன்று வையுங்கள். பெயரின் ஒவ்வொரு சொல்லும், வழக்கமான மற்ற எழுத்து வடிவங்களும் அதில் இருக்கட்டும். யுனிகோடின் என்.எஃப்.சி முறைக்கு மாற்றிச் சேமித்தால் "மொ" பிரச்சினை தீரும், தேடும் சொல்லையும் அப்படியே மாற்ற வேண்டும். ஒரு தேடலில் அப்படி ஒரு சொல்லைத்தான் கேட்கலாம். ஆகவே பாத்திமா ரிஸ்னாவை "ரிஸ்னா" என்று தேடுங்கள். வரும் சிலரில் சரியானவரைத் தெரிவு செய்யலாம்.

சேர்விலக்கத்தையே பதிவின் அடையாளமாக வையுங்கள். ஒரே கேள்வியில் 30 இலக்கங்கள் வரைதான் கேட்கலாம், முன்பு 10தான். 42 பேர் என்றால் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். தொலைபேசி இலக்கங்களைத் தனிப் பதிவில் வைத்து, வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு பதிவை வாசிக்க விட்டால் அதில் உள்ளது முழுவதும் தெரியும், பாதியை மறைக்க முடியாது.

கடைசியாக ஒன்று. பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுன் தண்ணீரில் நிற்கும் நாட்களில் நிவாரணப் பட்டியல் அவசரமாகத்தான் எடுக்கப்படும். சப்பாத்து வவுச்சர், ஸகாத் உதவி எல்லாமே பட்டியலை வைத்துத்தான். தேடலில் பெயர் வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை "இல்லை" என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை. சேர்விலக்கத்தால் ஒருமுறை தேடுங்கள். அப்போதும் வராவிட்டால் அலுமாரியிலிருக்கும் சேர்விடாப்பைத் திறந்து பாருங்கள். ஆப் வந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.