கடற்காற்றை நம்பும் வாதம்

இரு கடல்களுக்கு இடையே அமைந்த ஆக்லாந்தில் வாகனப் புகையைக் காற்றே கலைத்துவிடும் என்றும், கடுமையான உமிழ்வு விதிகள் ஏழைகளின் பழைய கார்களையே தண்டிக்கும் என்றும் சொல்லப்படும் வாதம் இரண்டு இடங்களிலும் இடறுகிறது. எரிபொருள் மிகுவெப்பத்தில் எரிகையில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி உருவாக்கும் வளிமங்களுள் ஒன்றான நைட்ரஜன் டை ஆக்சைடு, கடற்காற்று வந்து கலைக்குமுன்பே சாலையோரக் குடியிருப்புகளின் நுரையீரல்களை எட்டிவிடுகிறது. 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஹாபின்ஸ் 3.0 ஆய்வு, மனிதச் செயல்களால் விளையும் காற்று மாசினால் நியூசிலாந்தில் ஓராண்டில் அகால மரணமடைந்த ஏறத்தாழ 3,300 பேருள் 2,200க்கும் மேற்பட்டோரின் இறப்புக்கு வாகனப் புகையே காரணம் என மதிப்பிட்டது. ஏழையின் காரைப் பொறுத்தவரை, புகை உமிழ்வுத் தரம் நாட்டுக்குள் புதிதாக நுழையும் வாகனத்துக்கே உரியது. ஏற்கெனவே ஓடுகின்ற கார், 'வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்' என்னும் தகுதிச் சோதனையில் கண்ணுக்குத் தெரியும் புகைக்காக மட்டுமே பார்க்கப்படுகிறது, கருவியால் அளக்கப்படுவதில்லை (அதுவே ஒரு குறை). புதிதாக நுழையும் வாகனத்துக்கான தரத்தைக் கடுமையாக்குவதன் பயனோ தெளிவானது: டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு உமிழத்தக்க நைட்ரஜன் ஆக்சைடுகளின் உச்சவரம்பு யூரோ 4 தரத்தில் 250 மில்லிகிராமாக இருக்க, யூரோ 6 அதனை 80ஆகக் குறைக்கிறது. இறக்குமதிக் கார்களின் விலை ஏறக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அதன்பொருட்டு, 2021இல் தொடங்கி 2023 இறுதியில் கைவிடப்பட்ட தூய கார் தள்ளுபடி போன்ற உதவியைக் கோராமல் தரத்தையே தளர்த்தக் கேட்பவர்கள், ஏழைகளின் பெயரால் இறக்குமதியாளர்களுக்காக வழக்காடுகிறார்கள்.