விடுமுறை நாள்களும் வெற்றி நாள்களே!

இராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியிலும் அதனைச் சூழ்ந்த பிற கல்லூரிகளிலும் பயிலும் இளைஞர்க்கு, வகுப்புகள் முடிந்து பருவத்தேர்வு தொடங்குமுன் வரும் விடுமுறை ஒரு பெருஞ்சோதனைக் காலமாகும். வகுப்பின் மணியோசை நின்றுவிடுகின்றது. ஆசிரியரின் கண்காணிப்பும் இல்லை. ஆனால், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் தேர்வு மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கும்.

வெண்ணந்தூர் நெசவாளர் வீட்டு மகனுக்கு அந் நாள்களில் தறி காத்திருக்கின்றது. நாமகிரிப்பேட்டை உழவர் வீட்டு மகளுக்கு மஞ்சளும் மரவள்ளியும் காத்திருக்கின்றன. "வீட்டில்தானே இருக்கின்றாய், சற்றே கைகொடு" என்று பெற்றோர் கேட்பர்; மறுக்கப் பிள்ளைக்கும் மனம் வாராது. குடும்பத்திலேயே முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர்க்கு இந் நெருக்கடி இன்னும் கடிது. இதில் எவர்மீதும் குற்றமில்லை. வறுமை அவ்வாறு கேட்க வைக்கின்றது. எனினும், ஒரு கிழமைக் கூலியைக் காக்கப்போய் மூன்றாண்டுப் படிப்பை நெகிழவிடுதல், வட்டிக்காக முதலையே தொலைத்ததாக முடியும். விடியற்காலை தொட்டு உச்சிப்பொழுது வரையேனும் பிள்ளையைப் படிப்பிற்கென்றே விட்டுவிடுதல் பெற்றோர் கடன். உழைப்பிற்கு அஞ்சாத பிள்ளை அவ்வுரிமையைக் கேட்டுப் பெற நாணுதல் வேண்டா.

கிடைத்த பொழுதை ஆளும் முறையும் ஒன்றுண்டு. பொருளுணராது நெட்டுருச் செய்தது, வினா சற்றே திரும்பி நின்றால் கைவிட்டுவிடும். ஆகவே, ஒரு பாடத்தைப் படித்தபின் நூலை மூடிவைத்துத் தம் சொந்தச் சொற்றொடரில் எழுதிப் பார்த்தல் வேண்டும். பின் நூலைத் திறந்து விட்டதும் பிழைத்ததும் எவை எனக் காணல் வேண்டும். பழைய வினாத்தாளை முன்வைத்து மூன்று மணிநேரம் இடைவிடாது எழுதிப் பழகுதல் வேண்டும். தமிழ்வழியில் பயில்வார்க்கு இஃது எளிது; எண்ணுவதும் எழுதுவதும் ஒரே மொழியிலன்றோ நிகழ்கின்றன! அவ் வலிமையைக் குறையென எண்ணித் தலைகுனிவது பேதைமை. தமிழ்வழிப் பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்றது. ஆயின், தேறாதார்க்கு அச் சட்டத்தாலும் பயனில்லை என்பதை நினைவிற் கொள்க.

சேலத்து மண்ணிலேயே இதற்கொரு சான்று உண்டு. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். முன்னர் அவர் எழுதிய ஆய்வேடு பல்கலைக்கழகத்தால் ஏற்கப்படாது போயிற்று. அதற்காக அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. பிறர்க்குக் கற்பிக்கும் பணியில் இருந்துகொண்டே, 1952-இல், ஐம்பதாம் அகவையில், முதுகலைப் பட்டம் பெற்றார். 1974-இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு அவரே இயக்குநரானார். அன்று மறுத்த ஏட்டால் அவர் அறிவு குறைந்துவிடவில்லை.

இவ்வுண்மையை ஒவ்வொரு மாணவரும் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். தவறிய தாளை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம். தவறிய உயிரை மீட்க எப் பல்கலைக்கழகத்திலும் வழியில்லை. மதிப்பெண் ஒரு தாளுக்கு இடப்படுவது. ஒரு மாந்தனுக்கு இடப்படுவதன்று. அச்சம் மிகும்பொழுது தனித்துக் கிடவாமல் தோழரோடு கூடிப் படித்தலும், ஆசிரியரை அணுகி ஐயம் கேட்டலும், இரவில் போதிய உறக்கம் கொள்ளலும் இழிவல்ல, அவை அறிவுடைமை.

கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர்களில் இவ் விடுமுறை நாள்களில் எரியும் ஒவ்வொரு விளக்கும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை. அவ் விளக்கடியில் அமர்ந்திருக்கும் இளைஞர் துணிவோடு கற்க! தெளிவோடு எழுதுக! தலைநிமிர்ந்து வெல்க!