திரையா, தடையா?

அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இர்வைன் என்றொரு நகரம் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்து அணி, 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தன் வட்டாரப் போட்டியில் வாகை சூடி, தேசியப் பெரும்போட்டிக்குள் நுழைந்தது. 1995-க்குப் பின்னர் அவ்வணிக்கு முதன்முதலாகக் கிட்டிய பேறு அது. அந்த ஆட்டப் பருவம் முழுவதும் அவ்வணியில் பந்தை முன்னெடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் தியாபா கொனாத்தே என்னும் முஸ்லிம் நங்கை. பாரிசில் பிறந்தவர், 2018-இல் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் பிரான்சுக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். தலையில் முக்காடு அணிந்தே அவர் இர்வைன் அணிக்காக ஆடினார்.

அதே முக்காட்டுடன் அவர் பிறந்த நாட்டின் போட்டிகளில் கால்வைக்க இயலாது. சமயத்தையோ அரசியலையோ சுட்டும் எந்த உடைமையும் ஆடுகளத்தில் கூடாது எனப் பிரெஞ்சுக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2022 டிசம்பரில் விதி செய்தது. கடல் கடந்த நாட்டில் வெற்றிக்கு உரியவர், தாய்நாட்டில் விலக்குக்கு உரியவரானார். இஃது எந்த நியாயம் என்று நாம் வினவுகிறோம்.

தடை விதிப்போர் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று, பாதுகாப்பு, மற்றொன்று, நடுநிலை. இரண்டையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

பாதுகாப்பு என்னும் காரணத்தை நெடுங்காலம் சொல்லி வந்தது அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனம். தலையில் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டைக்கு மேல் எதுவும் கூடாது என்பது அதன் விதி. அவ்விதியின் பெயரால், 2014 செப்டம்பரில் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கத்தார் நாட்டுப் பெண்கள் முக்காட்டைக் களைய மறுத்து, மங்கோலியாவுடனான ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தனர். அதே ஆண்டில் சீனாவின் வூஹானில் இந்திய அணியின் சீக்கிய வீரர் இருவர் தலைப்பாகையைக் களைந்தபின்னரே ஆட விடப்பட்டனர். ஆகவே இவ்வழக்கு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று.

இவ்வாறு அஞ்சப்பட்ட முக்காடு யாரைக் காயப்படுத்தியது? பில்கீஸ் அப்துல் காதிர் என்னும் அமெரிக்க முஸ்லிம் பெண், பள்ளிப் பருவத்திலேயே 3,070 புள்ளிகள் குவித்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பழைய சாதனையை முறியடித்தவர். மெம்பிஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலும், நீண்ட கையுடையும் முக்காடும் அணிந்து பருவம் பருவமாக ஆடினார். ஆட்டத்துக்கு அதனால் ஓர் ஊறும் நேரவில்லை. ஆயினும் கல்லூரி வாழ்வு முடிந்து தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்ல விழைந்தபோது, ஐந்து சென்டிமீட்டர் விதி அவர் வழியை அடைத்தது. பல்லாயிரவர் விண்ணப்பமிட்ட பின், 2017 மே திங்களில் சம்மேளனம் விதியை மாற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து மாற்றம் நடைமுறைக்கு வந்தது. முன்னாள் ஆபத்தாக இருந்த துணி மறுநாள் எங்ஙனம் ஆபத்தற்றதாயிற்று? துணி மாறவில்லை, மனிதர் மனமே மாறிற்று. பாதுகாப்பு என்பது உண்மைக் காரணமாக இருந்ததில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி நடுநிலை. பாதுகாப்பு வாதம் சரிந்த பின்னரும் பிரான்சு பற்றி நிற்பது இதனையே. அரசும் சமயமும் பிரிந்து நிற்றல் வேண்டும் என்பது அந்நாட்டின் 1905-ஆம் ஆண்டுச் சட்டம். நன்று. அச்சட்டம் கட்டுவது அரசையும் அரசின் பணியாளரையும். பந்து விளையாடும் பெண் அரசின் பணியாளரோ? அவர் தலையில் உள்ள துணி அரசின் கொடியோ? ஆடுகளத்தில் பூசல் எழும் என்று அஞ்சுகிறோம் என்பர். இர்வைன் அணி தேசியப் பெரும்போட்டியின் முதற்சுற்றில் ஸ்போகேன் நகருக்குச் சென்று மோதியது கொன்சாகா பல்கலைக்கழகத்துடன். அது கத்தோலிக்க இயேசு சபையார் நிறுவிய கல்விக்கூடம். முக்காடணிந்த பெண் அங்கே ஆடினார். கொன்சாகா வென்றது, இர்வைன் தோற்றது. முக்காட்டின் பொருட்டு அங்கே ஒரு பூசலும் எழவில்லை. கத்தோலிக்கர் நடத்தும் கல்லூரி பொறுத்துக்கொண்டதை, நடுநிலை பேசும் அரசு பொறுத்துக்கொள்ள இயலாதது விந்தையன்றோ?

2024-இல் பாரிசில் ஒலிம்பிக் நடந்தபோது அவ்விந்தை உச்சமடைந்தது. எகிப்து நாட்டு வீராங்கனையர் ஈஃபல் கோபுரத்தின் நிழலில் முக்காட்டுடன் கைப்பந்து ஆடினர், அவர்களைத் தடுப்பாரில்லை. பிரான்சின் வீராங்கனையர் மட்டும் அதனை அணியலாகாது. சூன்கம்பா சில்லா என்னும் ஓட்ட வீராங்கனை தொடக்க விழாவில் முக்காட்டுக்கு மாற்றாகத் தொப்பி அணிய இசைவு பெற்றார். தலையை மறைக்கலாம், ஆனால் மறைப்பதன் பெயர் தொப்பியாக இருத்தல் வேண்டும்! இதனை நடுநிலை என்று எவ்வாறு அழைப்பது?

உடலை மூடுதல் கூடைப்பந்துக்கு அயலானது என்று எண்ணுவோர் அவ்விளையாட்டின் பிறப்பை அறியாதவர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி இவ்விளையாட்டைத் தொடங்கினார். மேற்சொன்ன பில்கீஸ் பிறந்ததும் அதே நகரில்தான். அடுத்த ஆண்டே அண்டை ஊரிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அங்கே போட்டி நடந்தபோது உடலை மூடிய தளர்ந்த ஆடையுடன் மாணவியர் ஆடினர். ஆடவர் வேடிக்கை பார்க்க அனுமதிக்கப்படவில்லை. 1896 ஏப்ரல் 4-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் மோதின. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் மகளிர் போட்டி அதுவே. நூற்றுக்கணக்கில் திரண்ட பார்வையாளர் அனைவரும் பெண்களே. நாணத்தின் மடியில் பிறந்த விளையாட்டில் நாணத்துக்கே இடமில்லை என்பது, தாய்வீட்டில் தாய்க்கே இடமில்லை என்பதைப் போன்றது.

இதுகாறும் பிறரைச் சாடினோம். இனி நம்மவரை நோக்கியும் ஒரு சொல் கூறாவிடில் நீதி ஆகாது.

தியாபாவுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கேட்டு நம் இல்லங்களில் வருந்துவோர் பலர். ஆனால் அவ்வில்லங்களில் ஒரு சிறுமி பந்தைக் கையில் எடுத்தால், “பெண்பிள்ளைக்கு இஃதெல்லாம் எதற்கு?” என்னும் குரல் எழுகிறது. பாரிசில் உள்ளோர் கூறுவது என்ன? “முக்காடா, பந்தா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்” என்பது. நம்மவர் கூறுவதும் அதுவேயன்றோ? இரு திசையில் நிற்போரும் ஒரே வாசகத்தை ஓதுகின்றனர். இடையில் நசுங்குவது அப்பெண்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதலில் அன்னையார் முந்தினார். பின்னொரு காலத்தில் நாயகம் (ஸல்) முந்தினார்கள். பெண்ணின் கால்களுக்கு ஓடும் உரிமை உண்டா என்பது அங்கே வினாவாகவே எழவில்லை. நாணம் காத்தல் கடமை. அதனை யாம் மறுத்துரைக்க வரவில்லை. ஆனால் மதிலுக்குள், பெண் ஆசிரியையின் கண்காணிப்பில், பெண்களுக்கென்றே ஒரு திடல் அமைப்பது நம்மால் ஆகாத செயலோ? 1896-இல் பிறர் அமைத்துக் காட்டியதை இன்று நாம் அமைக்க இயலாதோ? அமைக்காமல் இருந்துவிட்டு, மார்க்கம் தடுக்கிறது என்று பழியை மார்க்கத்தின் மீது சுமத்துவது பெரும்பிழை.

ஹிஜாப் என்னும் அரபுச் சொல்லுக்குத் திரை என்பது பொருள். அதே வேரில் பிறந்த ஹாஜிப் என்னும் சொல்லோ வாயிற்காவலனைக் குறிக்கும். பாகப்பிரிவினைச் சட்டத்தில் இவ்வேரிலிருந்தே ஹஜ்பு என்னும் கலைச்சொல் வந்தது. நெருங்கிய உறவினர் இருக்கும்போது மற்றொருவர் பங்கினின்றும் விலக்கப்படுதல் அது; விலக்கப்பட்டவர் மஹ்ஜூப் எனப்படுவர். பங்கு குறைதல் ஒருவகை. முற்றாக இழத்தல் மற்றொரு வகை. முற்றாக விலக்கவே இயலாத வாரிசுகள் சிலரை ஃபிக்ஹு நூலோர் எண்ணிக் காட்டியுள்ளனர். கணவன், மனைவி, தாய், தந்தை, மகன் ஆகியோருடன் மகளும் அவ்வரிசையில் நிற்கிறாள். எத்தனை வாரிசுகள் சூழ்ந்து நின்றாலும் மகளின் பங்கு அற்றுப்போவதில்லை.

சொத்தில் இத்துணை உறுதியாகக் காக்கப்பட்ட மகளை, உடல்நலத்திலும் கல்லூரித் திடலிலும் மஹ்ஜூபாக ஆக்குவதற்கு யாருக்கு உரிமை உண்டு? திரை அவளுடையது, அதனை அணிவது அவளுடைய தீன். வாயிலில் நின்று தடுப்பது மட்டும் பிறர் செயல். அவ்வாயிற்காவலர் பாரிசுச் சம்மேளனத்தாராயினும் ஆகுக, நம் வீட்டுப் பெரியவராயினும் ஆகுக, வழிவிட்டு விலகி நிற்றலே அவர்தம் கடமை என்போம்.